பழுது பார்த்த தவளைகள்

செப்டம்பர் 2

புது நோட்டு, புது ஊர், புது உத்தியோகம்! முதல் பக்கத்தில் பெயர் எழுதுவது என் வழக்கம். நாச்சிமுத்து, வயது அறுபத்தொன்று, திருப்பூர் சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருஷம் கலர் மாஸ்டர். இன்று முதல் தவளை ஆராய்ச்சி உதவியாளர். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. பதினேழாவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் தாரணி, "பயணம் சுகமாங்ப்பா?" என்று கேட்டாள். சுகம் என்றேன்.

தாரணி என் ஒரே மகள். காட்டில் விஷத் தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய உதவியாளர் பாறையில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். அவள் அம்மாவிடம் போனில் புலம்பியது எனக்கும் கேட்டது. "நான் போறேன்" என்றேன். என் மனைவி தேவகி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் தாரணி இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, "தவளை பிடிக்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டவன் நான்தான். அதற்குப் பிறகு அவள் போனில் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. சண்டை எல்லாம் ஒன்றும் இல்லை. அவளுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

தங்கியிருப்பது தேயிலைத் தோட்டத்தின் பழைய குடியிருப்பு ஒன்றில். பின்னாலேயே காடு ஆரம்பித்துவிடுகிறது. மழை விடவே இல்லை. அட்டைப்பூச்சி மூன்று. எண்ணிக்கை நாளை கூடும்.

செப்டம்பர் 4

பார்த்துவிட்டேன்! அடடா, என்ன ஒரு சிவப்பு!

வாட்சர் மாசிலாமணிதான் காட்டினார். காட்டில் எங்களுக்குத் துணை வருகிறவர். ஐம்பது வயது இருக்கும், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஓடையோரம் நின்று குச்சியால் காட்டினார். பாசி பிடித்த கல்லின் மேல், கட்டை விரல் அளவில், கறுப்பு உடம்பும் முதுகு முழுக்கச் சிவப்புமாக ஒரு தவளை. எங்களைப் பார்த்து ஓடவில்லை, ஒளியவில்லை. கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்த சம்பந்தியம்மா மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. இங்கே இதைச் செம்முதுகு என்கிறார்கள்.

"பக்கத்துல இருக்கற பழுப்புத் தவளை இந்நேரம் தண்ணிக்குள்ள குதிச்சிருக்கும். இது ஏன் குதிக்கலைன்னு சொல்லுங்ப்பா பார்க்கலாம்" என்றாள் தாரணி.

எனக்குத் தெரியவில்லை.

"இதோட தோல்ல விஷம் இருக்கு. ஒரு பறவை இதைக் கொத்தினா வாயெல்லாம் எரியும், கக்கிப்போடும். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தச் சிவப்பைத் தொடாது. கலர்தான் எச்சரிக்கை. 'நான் இங்கதான் இருக்கேன், நல்லாப் பார்த்துக்க, தொட்டா உனக்குத்தான் நஷ்டம்'னு சொல்லுது. ஒளிஞ்சா பறவைக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் பட்டறையில் காஸ்டிக் சோடா டிரம் மேல் ஆரஞ்சு வில்லை ஒட்டியிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவன் ஒரு முறை கையைச் சுட்டுக்கொள்வான். பிறகு அந்த வில்லையைக் கண்டாலே பத்தடி தள்ளி நடப்பான். இதைச் சொன்னேன். தாரணி நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "கரெக்டுங்ப்பா, அதேதான்" என்றாள். நாலு வருஷத்தில் இவள் என்னிடம் சொன்ன முதல் கரெக்ட்.

இங்கே ஒன்று எழுதி வைக்கிறேன். தாரணிக்கும் எச்சரிக்கை நிறம் உண்டு. கோபம் வருவதற்கு அரை நிமிஷம் முன்னால் மூக்கு நுனி சிவக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மூக்கு சிவந்தால் நானும் தேவகியும் விலகிக்கொள்வோம்.

செப்டம்பர் 7

இரண்டு நாளாக வேலை, வேலை, வேலை. கை முழுக்கக் கலர். பழைய சந்தோஷம்!

விஷயம் இதுதான். குழந்தைகள் பொம்மை செய்கிற காயாத களிமண்ணில் இருநூற்று நாற்பது தவளை செய்து காட்டில் வைக்க வேண்டும். பாதி பழுப்பு, பாதி செம்முதுகு. எந்தக் கலரைப் பறவைகள் விட்டுவிடுகின்றன என்று பார்க்கவேண்டும். ஏன் களிமண் என்று கேட்டேன். "களிமண் பொய் சொல்லாதுங்ப்பா, பட்டதையெல்லாம் அப்படியே வெச்சிருக்கும்" என்றாள். நல்ல தரமான களிமண் என்கிறாள் போல. இன்னும் ஏதேதோ விளக்கினாள், நான் அதற்குள் சிவப்பை அளந்துகொண்டிருந்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: எது காணாமல் போகிறதோ அதைப் பறவை தூக்கிப் போயிருக்கிறது. அதை எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

அவள் கடையில் வாங்கி வைத்திருந்த சிவப்பு செம்முதுகின் சிவப்பே இல்லை. ரோட்டோரப் பஞ்சுமிட்டாய். சிவப்பு எழுபது பங்கு, ஆரஞ்சு இருபத்தைந்து, மஞ்சள் நாலு, கறுப்பு ஒன்று என்று பிசைந்தேன். அறையில் டியூப் லைட்டில் பொருந்தியது. ஆனால் விளக்கு மாறினால் கலர் மாறும் என்று எனக்குத் தெரியாதா? காட்டுக்குள் எடுத்துப் போய், மர நிழலில், பதினோரு மணி வெளிச்சத்தில் தவளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு அரைப் பங்கு அதிகம். குறைத்தேன். தாரணி, "இதை நான் யோசிக்கவே இல்லீங்ப்பா" என்றாள்.

விளக்கு விஷயத்தில் ஏமாந்த கதையும் உண்டு. அந்த மெரூன் துணி லாட்டைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ஒவ்வொரு தவளையின் அடியிலும் ஊசியால் நம்பர் கீறினோம். பழுப்பு 1 முதல் 120. சிவப்பு 121 முதல் 240. எனக்கு ரொம்பப் பிடித்தது 14. கண்ணெல்லாம் அமைந்து, உயிர் வந்துவிடும் போல் இருக்கிறது.

செப்டம்பர் 10

இருநூற்று நாற்பதும் காட்டில். பத்தடிக்கு ஒன்று, இலை மேல். இடுப்பு போய்விட்டது. தாரணி என் முதுகில் தைலம் தேய்த்தாள். பேசவில்லை, ஆனால் தேய்த்தாள்.

செப்டம்பர் 11

தாரணி அனுமதிக் கடிதத்தைப் புதுப்பிக்கப் பொள்ளாச்சி போய்விட்டாள், இரண்டு நாள். "மழையில உருண்டிருந்தா மட்டும் திரும்ப வையுங்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் மாசிலாமணியும் கிளம்பினோம்.

நல்லவேளை போனேன்! பீஸ்களின் நிலைமை என்ன என்கிறீர்கள்? முதுகில் நசுங்கல், தலையில் வெட்டு, காலில் பள்ளம். என் 14க்கு முதுகில் ஆழமாக ஒரு வெட்டு, கத்தரிக்கோலால் கிள்ளியது போல. முப்பத்தொரு வருஷம் பழுதுள்ள பீஸை வெளியே அனுப்பாதவன் நான். சும்மா விடுவேனா? அங்கேயே மழையில் உட்கார்ந்து, விரலில் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றையும் தடவிச் சீராக்கினேன். முடிந்தபோது எது அடிபட்டது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"தாரணி அம்மா சொன்னாங்களா சார்?" என்று மாசிலாமணி கேட்டார்.

"இதையெல்லாம் சொல்லணுமா?" என்றேன். அவருக்கு இன்றைய பத்து வார்த்தை அதோடு தீர்ந்துவிட்டது.

பட்டறைப் பழக்கம், பழுதைச் சரிசெய்தால் பதிவு செய்வேன். பழுப்பு 29, சிவப்பு 4. எந்த நம்பர், எந்த இடத்தில், என்ன வடிவம் என்ற முழுப் பட்டியல் கடைசிப் பக்கங்களில். பழுப்புக் களிமண் கொஞ்சம் மட்டமான சரக்கு போல, அதுதான் அதிகம் நசுங்குகிறது.

தாரணியிடம் சொல்லப்போவதில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும்.

செப்டம்பர் 12

இன்றும் பழுது. பழுப்பு 12, சிவப்பு 2. எல்லாம் சரிசெய்தாயிற்று. என் 14க்கு இன்று தலையில் அடி. பாவம்.

செப்டம்பர் 13

தாரணி வந்துவிட்டாள். இந்த மாதம் 30 வரை அனுமதி. வந்ததும் வராததுமாக ஷூவை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடினாள். ஒவ்வொரு தவளையையும் எடுத்து, திருப்பி, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நான் பின்னாலேயே பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நடந்தேன்.

நூற்றிருபதாவது வரும்போது, "எல்லாம் புதுசாட்டம் இருக்குதில்ல கண்ணு?" என்றேன்.

அவள் அடுத்ததை எடுத்தாள். இருநூற்று நாற்பதையும் பார்த்து முடித்துவிட்டு ஈர இலை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு பறவை கூடத் தொடலீங்ப்பா. பழுப்பைக் கூடத் தொடல" என்றாள்.

நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். மூக்கைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. முகம் முழுக்க வெளுத்திருந்தது. எனக்குப் பழக்கமில்லாத கலர். வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 14

மழை. எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 15

இன்று கேட்டேவிட்டேன். "காணாமப் போனாத்தானே கணக்கு? எல்லாம் பத்திரமா இருக்குதே, அப்புறம் என்ன?"

தாரணி லேப்டாப்பைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். வேறு ஏதோ நாட்டில் யாரோ செய்த களிமண் தவளை. முதுகில் ஆழமாக ஒரு வெட்டு, கத்தரிக்கோலால் கிள்ளியது போல.

"நமக்கு வேண்டியது இதுதாங்ப்பா. பறவை கொத்தினா அலகோட அச்சு இப்படி விழும். எலி கடிச்சா ரெண்டு கோடு விழும். காணாமப் போனதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பழுப்புல எத்தனை அச்சு, சிவப்புல எத்தனை அச்சு, என்ர ஆராய்ச்சி மொத்தமும் அவ்வளவுதான். பழுப்பை நிறையக் கொத்தி சிவப்பை விட்டிருந்தா, இங்க இருக்கற பறவைங்களுக்குச் சிவப்புன்னா என்னன்னு தெரியும்னு அர்த்தம்."

"ஓ" என்றேன்.

தண்ணீர் குடித்தேன். வெளியே போய் நின்றேன். மழை என்று உள்ளே வந்தேன். மறுபடி தண்ணீர் குடித்தேன்.

படத்தில் இருந்த தவளை அச்சாக என் 14 மாதிரியே இருந்தது.

செப்டம்பர் 16

தாரணி காலையில் தன் பேராசிரியரிடம் போனில் பேசினாள். இந்த மலைப் பறவைகள் தவளையைத் தேடித் தின்பதில்லை போல, இங்கே இந்த ஆராய்ச்சி நடக்காது என்று அவர் சொல்லிவிட்டாராம். பதினெட்டாம் தேதி மூட்டை கட்டுகிறோம். செம்முதுகை விட்டுவிட்டு ஆய்வகத்துக்குள்ளேயே வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளப் போகிறாள். "மூணு வருஷம் போச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? அழித்தது திரும்ப வருமா? வராது. அப்படியானால் சொல்லி என்ன பயன்? அவள் மனதுதான் இன்னும் நோகும். நாலு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் கரெக்டுங்ப்பா என்கிறாள், தைலம் தேய்க்கிறாள். ஊருக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிடும். இப்படி ஒரு பக்கத்துக்கு எழுதி, அதை அடித்தும்விட்டேன்.

மாலையில் மாசிலாமணி டீ கொண்டுவந்தார். "அம்மா போறாங்களாம்" என்றார். நான் டீயை வாங்கிக் குடித்தேன். "நான் சொன்னா நல்லா இருக்காது சார்" என்றார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மெரூன் லாட்டை எழுதிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பகல் வெளிச்சம் மாதிரி வைத்துக் கலர் பார்க்கிற லைட் பாக்ஸில் பல்பு போயிருந்தது. மாற்ற அலுத்துக்கொண்டு சாயங்கால டியூப் லைட்டில் பார்த்து ஓகே போட்டேன். பகலில் அது மெரூன் இல்லை, அழுகின பீட்ரூட். லாட் மொத்தமும் திரும்பி வந்தது. சாயத்தைத் துரைசாமி தப்பாக நிறுத்துப் போட்டிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. என் கீழே பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவனை அன்றே வெளியே அனுப்பினார்கள். அவன் என்னைத்தான் பார்த்தான். நான் வேறு துணியை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது யாருக்கும் தெரியாது. தேவகிக்கும் தெரியாது.

செப்டம்பர் 17

காலை ஆறரை. சொல்லப் போகிறேன்.

செப்டம்பர் 19

நோட்டு இரண்டு நாள் என்னிடம் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், சந்தோஷமாக!

பதினேழாம் தேதி தாரணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். "கண்ணு, அச்சு விழுந்திருந்துது. நிறைய விழுந்திருந்துது. பழுதுன்னு நினைச்சு நான்தான் எல்லாத்தையும் தடவி விட்டுப்போட்டேன்."

மூக்கு சிவந்தது. அப்பாடா! நான் விலகவில்லை, நின்றேன். வீடு அதிர்ந்தது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணிப்போட்டீங்க! நாலு நாளா நான் சாகறேன், பார்த்துட்டுச் சும்மா இருந்தீங்களே! அதுதான் எனக்குத் தாங்கல. தடவினதுகூடத் தெரியாமப் பண்ணினது. சொல்லாம இருந்தது?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு குரல் மாறியது. "எத்தனை?"

"நாப்பத்தேழு. பழுப்பு நாப்பத்தொண்ணு, சிவப்பு ஆறு."

"எப்படித் தெரியும்?"

"எழுதி வெச்சிருக்கறேன். நம்பர், இடம், வடிவம் எல்லாம்."

கையை நீட்டினாள். நோட்டில் பட்டியல் மட்டுமா இருக்கிறது? பதினேழாவது வளைவு இருக்கிறது, மூக்கு இருக்கிறது, மெரூன் இருக்கிறது. கடைசிப் பக்கங்களை மட்டும் கிழித்துத் தரலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முழு நோட்டையும் கொடுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்தபோது கண் இரண்டும் ஜொலித்தது. "அப்பா! இதை டேட்டான்னு போட முடியாது, போட்டோ இல்ல. ஆனா பறவை வருதுங்ப்பா! நாப்பத்தொண்ணுக்கு ஆறு! வருது, பழுப்பைக் கொத்துது, சிவப்பை விடுது! இன்னும் பதிமூணு நாள் இருக்கு, மறுபடி வைக்கலாம்!" மடித்த துணியையெல்லாம் பெட்டியிலிருந்து கொட்டினாள். பேராசிரியருக்குப் போன். என்னைக் கைகாட்டி, "என்ர அசிஸ்டென்ட் ஒருத்தரால வந்த கோளாறுங் சார்" என்றாள். அவர் மறுபடி முயலச் சொல்லிவிட்டார்.

இன்று நோட்டு திரும்பி வந்தது. ஓரங்களில் பென்சிலால் அவள் கையெழுத்து. ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிய இடத்தில்: "தெரியும். சட்டையில இருந்துச்சு." மூக்கு பற்றி எழுதிய இடத்தில்: "இது யாரோட மூக்குன்னு அம்மாகிட்டக் கேளுங்க." சண்டை எல்லாம் ஒன்றும் இல்லை என்ற வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும். மெரூன் லாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி: "துரைசாமி மாமாவுக்குத் தெரியுமா?"

செப்டம்பர் 23

மறுபடி வைத்ததில் முதல் அச்சு! வேறு யார், 14தான்! ஓரடி தள்ளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "தாரணீ!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கருமந்திகள் சிதறி ஓடின. மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 29

கடைசி எண்ணிக்கை. பழுப்பு 51, சிவப்பு 8. ஐம்பத்தொன்பதுக்கும் போட்டோ இருக்கிறது. நான் ஒன்றையும் தொடவில்லை. நான்கு முறை விரல் அரித்தது, தொடவில்லை!

சிவப்பில் விழுந்தவை எல்லாம் மேலாக ஒரே கொத்து, அதோடு விட்டுவிட்டன. "இந்த வருஷத்துக் குஞ்சுகளா இருக்கும்ப்பா. ஒருக்கா நிஜத் தவளையைக் கடிச்சுக் கசந்தாத்தான் அதுங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் எந்தச் சிவப்பையும் கொத்திப் பார்க்கும்" என்றாள் தாரணி. வேலை முடிந்ததும் ஓடையோரம் போனோம். செம்முதுகு ஒன்று அதே கல்லில் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். தாரணி என் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

ஞாபகத்துக்கு ஒரு பீஸ் கேட்டேன். எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்தாயிற்று என்று 14ஐக் கொடுத்தாள், வெட்டோடு.

அக்டோபர் 2

திருப்பூர். காலையில் 14ஐ ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு அனுப்பர்பாளையம் போனேன். துரைசாமி அங்கே ஒரு பேக்கரியில் டீ போடுகிறான். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு, "வாங் மாஸ்டர், உக்காருங்" என்றான்.

டப்பாவைத் திறந்து தவளையை மேஜையில் வைத்தேன். அவன் குனிந்து பார்த்தான். "கலர் அருமையா இருக்குதுங். முதுகுலதான் நெளிஞ்சு கெடக்குது" என்று, கட்டை விரலை எச்சில் தொட்டுத் தடவப் போனான். அவனுக்கும் அதே பட்டறைப் பழக்கம்.

"வேண்டாம் துரைசாமி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது அப்படியே இருக்கட்டும். அன்னிக்கு அந்த மெரூன் லாட்ல தப்பு உன்மேல இல்ல. பல்பு போயிருந்துது. ஓகே போட்டவன் நான்."

முழுசாகச் சொல்லி முடித்தேன். அவன் கையை உருவிக்கொண்டு, தவளையின் முதுகில் இருந்த வெட்டையே ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்து போய் டீ போட்டு வந்து என் முன்னால் வைத்தான்.

பன்னிரண்டு வருஷம் எனக்கு டீ வாங்கி வந்தவன். எனக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இன்று ஒரு துளி போடவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.